கோல் போட்டவன தூக்கிட்டு சுத்துறாங்க, ஸ்டாப்பர் பேக்க யாரும் கண்டுக்கல!

கேள்வி: அண்ணே, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். மூணு வருஷமா ஃபார்வேர்டா ஆடிட்டு இருந்தேன். போன வருஷம் திடீர்னு உயரமாயிட்டேன், உடனே கோச் என்னைய ஸ்டாப்பர் பேக்ல, அதான் நம்ம கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்குற எடத்துல, போட்டுட்டார். கேட்டா "வளந்துட்டல்ல, பின்னாடி நில்லு"ங்கிறார். போன வாரம் ஃபைனல்ல 1-0ன்னு ஜெயிச்சோம், கோல் போட்டவன தோள்ல தூக்கிட்டு சுத்துனாங்க, நான் ஷின் கார்டு கூட இல்லாம அடி வாங்கி ஆடுனேன், ஒருத்தன் கண்டுக்கல. டிஃபண்டரா இருந்து பெரிய ஆளா வர முடியுமா, இல்ல வேற டீமுக்குப் போயிரட்டுமா?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, லெட்டர படிச்சதும் எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, தப்பா எடுத்துக்காத, ஏன்னா இதே வயித்தெரிச்சல் எனக்கும் இருந்திருக்கு. காலேஜ் டீம்ல நானும் ஸ்டாப்பர்தான். மொத்தத்துல ஒரே ஒரு தடவ என் போட்டோ பேப்பர்ல வந்துச்சு, எதிர் டீம்காரன் கோல் போட்டுட்டு கைய விரிச்சுக்கிட்டு ஓடுறான், அவன் பின்னாடி மண்ணுல குப்புற கிடக்குற 4ம் நம்பர் ஜெர்சி இருக்குல்ல, அது நான். மூஞ்சி கூட தெரியாது. எங்கம்மா அதையும் கத்தரிச்சு பீரோவுக்குள்ள வெச்சிருந்தாங்க.

சரி உன் விஷயம். 1-0ல அந்த ஒண்ண உன் ஃபிரண்டு போட்டான், அந்த சைபர யாரு போட்டா?

விர்ஜில் வான் டைக் பேர் கேட்டிருப்ப, இங்கிலாந்து கிளப் லிவர்பூலுக்கு கேப்டன், நெதர்லாந்துக்கும் கேப்டன். ஆறடி நாலு அங்குலம், பாத்தா பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தாரோன்னு தோணும். ஆனா உன் வயசுல அவர் பிரெடாங்கிற ஊர்ல, ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவிட்டு இருந்தார், நிஜமாத்தான். வில்லெம் 2ங்கிற கிளப்போட ஜூனியர் டீம்ல ரைட் பேக், அதாவது வலது ஓரத்துல தடுக்குற ஆள், பெரிசா சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. அப்புறம் உனக்கு நடந்த மாதிரியே திடீர்னு கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் வளந்துட்டார், உடம்பு அந்த வளர்த்திக்கு ஈடு குடுக்க முடியாம வலி, கொஞ்ச நாள் ஆட முடியாம உக்காந்திருந்தார், திரும்பி வந்தப்போ சைடுல இருந்த ஆள நடுவுல கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. உங்க கோச் சொன்ன அதே கதைதான், வளந்துட்டல்ல நில்லு.

அப்பவும் அந்த கிளப் அவர பெரிசா எடுத்துக்கல. 2010ல குரோனிங்கன் கிளப்புக்கு ஆள் தேடிட்டு இருந்த மார்ட்டின் கூமன்னு ஒரு பெரியவர் கண்ணுல பட்டார், காசே இல்லாம அங்க போய்ச் சேந்தார். 2012ல, இருபது வயசுல, குடல்வால் வெடிச்சு விஷம் பரவி ஆஸ்பத்திரில கிடந்தார், பொழைப்பாரோ மாட்டாரோன்னு உயில் பேப்பர்ல கையெழுத்து போடுற அளவுக்குப் போயிருச்சு. அங்கேர்ந்து எந்திரிச்சு வந்து 2013ல ஸ்காட்லாந்து செல்டிக், 2015ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன். சவுத்தாம்ப்டன்ல அவர வாங்குன மேனேஜர் யாருன்னு நினைக்கிற, ரொனால்டு கூமன், அந்தப் பெரியவரோட மகன். அப்பா சும்மா கூட்டிட்டு வந்த ஆள மகன் 1.3 கோடி பவுண்டு குடுத்து வாங்குறார்!

2018 ஜனவரில லிவர்பூல் 7.5 கோடி பவுண்டு குடுத்து எடுத்தப்போ, ஒரு டிஃபண்டருக்கு இவ்ளோ காசான்னு நிறைய பேர் கேட்டாங்க. அப்ப அதுதான் டிஃபண்டர் வெலைல உலக ரெக்கார்டு.

இப்ப நீ ஒரு சீன் பாக்கணும், யூடியூப்ல இருக்கும், தேடு. 2019 மார்ச் 31, லிவர்பூல் - டாட்டன்ஹாம், 1-1, மேட்ச் முடிய அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. டாட்டன்ஹாம்ல சிசோக்கோ பந்தோட ஓடி வர்றார், பக்கத்துல அதே டீமோட ஃபார்வேர்டு சன் ஓடி வர்றார், நடுவுல வான் டைக் ஒத்த ஆள். நீயா இருந்தா என்ன பண்ணிருப்ப? பாஞ்சிருப்ப. நான் பாஞ்சிருப்பேன், பாஞ்சுதான் பேப்பர்ல குப்புற வந்தேன். அவர் பாயல. பின்னாடியே போய்ட்டு இருக்கார், உடம்ப சன் பக்கம் பாஸ் போற வழில வெச்சுக்கிட்டே. சன் காலுக்கு பந்து போனா முடிஞ்சது, சிசோக்கோ கோல் போட திணறுற ஆள், அதுவும் வலது கால்காரர், அதனால அந்த ஆளே அடிக்கட்டும், இடது கால்ல அடிக்கட்டும்னு விட்டு, கடைசி நொடில கிட்ட போறார். சிசோக்கோ இடது கால்ல அடிச்சார், பந்து பாருக்கு மேல போச்சு. பந்த தொடவே இல்ல தம்பி, ஒரு டேக்கிள் கூட கிடையாது. கடைசி நிமிஷத்துல டாட்டன்ஹாம் தன் கோலுக்குள்ளயே போட்டுக்கிட்ட ஓன் கோல்ல லிவர்பூல் 2-1 ஜெயிச்சுது, ஆனா அந்த மேட்ச்னா இன்னிக்கும் பேசுறது இந்த காட்சியத்தான்.

எத தடுக்கணும்ங்கிறத விட எத விட்டுக் குடுக்கலாம்னு கணக்கு போடுறதுதான் ஸ்டாப்பர் வேலை. நீ மூணு வருஷம் ஃபார்வேர்டு ஆடுன பையன், எதிர்ல வர்றவன் மனசுல என்ன ஓடும்னு உனக்குத் தெரியும், அது எவ்ளோ பெரிய சொத்துன்னு உனக்கு இன்னும் புரியல. வேற டீமுக்கு இப்ப போகாத. அங்கயும் உன் உயரத்த பாத்து அதே எடத்துலதான் நிறுத்துவாங்க, அதுக்கு இந்த கோச்சே தேவல.

பெரிய ஆளா வர முடியுமான்னா, 2006ல கன்னவாரோ இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் குடுத்துட்டு அதே வருஷம் உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்குற பாலன் டோர் விருது வாங்குனார், அவரும் டிஃபண்டர்தான், அவர் ஆறடி கூட கிடையாது. அந்த உலகக் கோப்பைல ஏழு மேட்ச்ல இத்தாலி வாங்குனதே ரெண்டு கோல்தான், ஒண்ணு ஓன் கோல், இன்னொண்ணு ஜிடான் போட்ட பெனால்டி. 2019ல வான் டைக் மெஸ்ஸிகிட்ட வெறும் 7 பாயிண்ட்ல அந்த பாலன் டோர விட்டார். நம்ம இந்தியா டீம்ல சந்தேஷ் ஜிங்கன் ஸ்டாப்பரா ஆடித்தான் 2020ல அர்ஜுனா விருது வாங்குனார். ஆனா உனக்கும் வரும்னு கேரண்டி எவனும் எழுதித் தர முடியாது, அதனால பிளஸ் டூவ விட்றாத.

கண்டுக்கலன்னு சொன்னியே, அதுக்கு ஒண்ணு சொல்றேன். 2020 அக்டோபர்ல எவர்ட்டன் கோல்கீப்பர் வந்து மோதுனதுல வான் டைக் முட்டி ஜவ்வு போச்சு, அந்த சீசன் முழுக்க அவுட். லிவர்பூல் மிட்ஃபீல்டு ஆளுங்கள இழுத்து பின்னாடி நிறுத்தி சமாளிச்சு பாத்தாங்க. சொந்த கிரவுண்டுல 68 லீக் மேட்ச் தோக்காத டீம், வரிசையா ஆறு தோத்துச்சு. ஒன்பது மாசம் கழிச்சு திரும்ப வந்தார், 2025ல, 33 வயசுல, கேப்டனா பிரீமியர் லீக் கோப்பைய தூக்குனார். அந்த வயசுல நிறைய ஃபார்வேர்டுங்க ஓட்டம் கொறஞ்சு பெஞ்சுல உக்காந்திருப்பாங்க.

நாளைக்கு கோச்கிட்ட போ, மொறைச்சுக்கிட்டு இல்ல, "சார் எங்க நிக்கணும், எப்ப வெளிய வரணும்"னு கேளு, ரெண்டு வாரத்துல அவரே தன்னால பேச ஆரம்பிப்பார். மேட்ச்ல வாய தொறந்து கத்து, உனக்கு முன்னாடி நிக்கிறவனுக்கு முதுகுல கண்ணு கிடையாது. முட்டி வலிச்சா மறைக்காம சொல்லு, வளர்ற வயசு.

அப்புறம் அந்த ஷின் கார்டு. பசங்க யாருகிட்டயாச்சும் பழசு கெடச்சாலும் சரி, வாங்கிப் போடு, அது இல்லாம கிரவுண்டுல எறங்காத.