தரை காய்ந்திருக்கிறது, கூலன்ட் மட்டும் காணோம்!

கேள்வி: பதினைந்து வயதைத் தாண்டிய கார். இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், ரிசர்வ் டேங்கில் வாராவாரம் குறைகிறது. ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மெக்கானிக் ஒருவர் ரேடியேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார். அதற்கு முன் நானே ஒரு முறை பார்த்துவிட வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் அது எந்த இடத்தில் கசிகிறது என்று விரல் வைத்துக் காட்டினாரா? காட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

தரை காய்ந்திருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சின்னக் கசிவாக இருந்தால், வண்டி ஓடும்போதே சூடான இரும்பில் பட்டு ஆவியாகிவிடும். தண்ணீர்தான் போகும், அதில் கலந்திருக்கும் சாயமும் துருத்தடுப்பு மருந்தும் போகாது. வெள்ளையாகவோ, பச்சையாகவோ, ஆரஞ்சாகவோ பொருக்குத் தட்டி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் தேட வேண்டியது சொட்டை அல்ல, அந்தக் கறையை.

ராத்திரி முழுக்க நின்று நன்றாக ஆறிய வண்டியில்தான் இந்த வேலை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிற வண்டிகள் இருக்கின்றன.

ஒரு டார்ச், ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி போதும். முதலில் ஹோஸ்கள், அதாவது கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்கள், மாட்டியிருக்கும் கழுத்துகள். அடுத்து, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியப் பகுதியும் சேரும் மடிப்பு. பழைய வண்டிகளில் பிளாஸ்டிக் வெளிறி, மயிரிழை போல விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு வாட்டர் பம்ப். அதன் தண்டுக்குக் கீழே உடம்பில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது உற்பத்தியில் வந்த கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் சீல் போய்விட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே வைத்தது. அந்தத் துளையிலிருந்து கோடு இறங்கியிருந்தால் பம்ப்பின் ஆயுள் முடிந்தது என்று பொருள். சிலர் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். நான் அப்படி ஒரு பம்ப்பைத் திறந்து பார்த்திருக்கிறேன்: பேரிங் துருப்பிடித்துக் கரகரவென்று பேசியது.

கறை பல இடத்தில் இருந்தால், இருப்பதிலேயே மேலே, இருப்பதிலேயே முன்னால் உள்ளதைப் பிடியுங்கள். வண்டியின் வேகமும் ஃபேன் காற்றும் கசிவைப் பின்னுக்கும் கீழுக்கும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சொட்டும் இடத்துக்கும் ஓட்டைக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது.

எங்கேயும் கறை இல்லையா? அப்போது மூடியைச் சந்தேகப்படுங்கள். அதன் தலையில் 0.9 அல்லது 1.1 என்பது போல ஒரு எண் இருக்கும். அது எத்தனை பார் அழுத்தம் வரை மூடி தாங்கிப் பிடிக்கும் என்ற கணக்கு. வெளிக்காற்றை விட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் கட்டிப்பட்டுப் போனால் அந்த அழுத்தம் நிற்காது. கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து வழிந்து காணாமல் போகும். புது மூடி வாங்கும்போது அதே எண்ணில் வாங்குங்கள். பெரிய எண் பலசாலி என்று நினைத்து மாட்டினால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கைப்பம்ப்பும் மீட்டரும் சேர்ந்த பிரஷர் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் காற்றடித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ போகிறது. இஞ்சினுக்குள் ஒழுக்கென்றால், முள் இறங்கும், வெளியே ஈரமே தெரியாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா, சூடான பிறகும் புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, காலையில் ஆறிய இஞ்சினிலும் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்திருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால், இஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அது வீட்டு வாசலில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணிறப் பசை இருந்தால் பயந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே போய் வருகிற வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆவது உண்டு.

கேள்வி: மேல் ஹோஸை நானே மாற்றினேன். கிளிப்பை இதற்கு மேல் திருகவே முடியாது என்கிற அளவுக்கு இறுக்கியாயிற்று. இன்னும் கசிகிறது. புது ஹோஸே மோசமா?

பதில்: ஹோஸைத் திட்டாதீர்கள். முதலில் இறுக்குவதை நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கழுத்து நொறுங்கினால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். கழற்றி, ஹோஸ் உட்கார்ந்த கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் ஒட்டியிருக்கும், அல்லது அலுமினியம் அரித்துச் சொரசொரவென்று இருக்கும். நைஸான எமரி பேப்பரால் கழுத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழுகிற ஒவ்வொரு கீறலும் தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்கால்.

கழுத்தின் நுனியில் சற்றே புடைத்த ஒரு வளையம் இருக்கிறதல்லவா? கிளிப் அந்த வளையத்தைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். நிறையப் பேர் சரியாக வளையத்தின் மேலேயே வைத்து இறுக்குகிறார்கள், உங்களுடையதும் அப்படித்தான் என்று என் ஊகம். மாட்டுவதற்குக் கிரீஸ் வேண்டாம், கொஞ்சம் கூலன்ட் தடவினாலே வழுக்கிக்கொண்டு ஏறும். திருகுகிற கிளிப் என்றால், சில தடவை ஓட்டி ஆறிய பிறகு இன்னொரு முறை லேசாகத் திருகிவிடுங்கள். கம்பெனியில் வந்த ஸ்பிரிங் கிளிப்பை ஏன் தூக்கிப் போட்டீர்கள்? ரப்பர் சுருங்கினாலும் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். என் கணக்கில் அதுதான் நல்லது.

இன்னொன்று. அடுத்த முறை பழைய ஹோஸ் வர மறுத்தால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தானே? கழுத்தில் படாமல் பிளேடால் நீளவாக்கில் கீறினால் தோலாக உரிந்து வந்துவிடும்.

கேள்வி: கசிவை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் கடையில் கிடைக்கிறதே, ஊற்றலாமா?

பதில்: நடுவழியில் மாட்டிக்கொண்டு, வேறு கதி இல்லை என்றால் ஊற்றுங்கள். மற்றபடி வேண்டாம். ஓட்டையை அடைக்கிற சரக்கு, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

கேள்வி: காருக்குள் இனிப்பு வாடை. முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பசை. கால் வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரம். ஏ.சி. தண்ணீர்தானே?

பதில்: ஏ.சி. தண்ணீருக்கு வாடையும் கிடையாது, பசையும் கிடையாது. உங்கள் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடுகிற சின்ன ரேடியேட்டர், கசிகிறது. அதை மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். அதுவரை சமாளிக்க, இஞ்சின் பக்கமிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். பல பழைய வண்டிகளில் இது எளிது. கண்ணாடியில் படியும் பனியை நீக்கச் சூடான காற்று வராது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அந்த இனிப்பு எத்திலீன் கிளைக்கால். நாயும் பூனையும் நக்கிவிடக்கூடும், கொஞ்சம் போனாலே உயிர் போய்விடும். வடித்த கூலன்டைத் தட்டில் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். சாக்கடையில் விடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரிசெய்து கூலன்ட் நிரப்பிவிட்டேன். இப்போது டெம்பரேச்சர் முள் ஏறி ஏறி இறங்குகிறது. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருகிறது. எங்கே தப்பு?

பதில்: உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஆறிய வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு இஞ்சினை ஓட விடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி நின்று நீர் மட்டும் வரும்வரை அதைத் தளர்த்தி வையுங்கள். இஞ்சின் சூடேறியதும் கூலன்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். ஊற்றி நிரப்பி மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் மட்டத்தை மறுபடி பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டியிருக்கும். அதுவரை முள்ளை மட்டும் நம்பி நீண்ட தூரம் போகாதீர்கள்: சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நிற்கும்.