திறன் வேறு, யூனிட் வேறு: கேள்வி பதில்

மின்கட்டமைப்பின் லோடு டெஸ்பாட்ச் பிரிவில், அதாவது எந்த நேரத்தில் எந்த மின்நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று பார்க்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கரியமில வாயுவைக் குறைக்க இந்தியா எடுக்கும் முயற்சிகளில், மின்சாரம் சார்ந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

சேலம்: மின்சாரத்தில் 50 சதவீதம் நிலக்கரி, எரிவாயு அல்லாத வழியில் என்ற 2030 இலக்கை 2025-லேயே எட்டிவிட்டோமே சார். அப்படியானால் நிலக்கரி எரிப்பது பாதியாகிவிட்டதா?

இல்லை. எட்டியது நிறுவுதிறனில், அதாவது மின்நிலையங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவில். சூரியசக்தி, காற்றாலை, நீர்மின்சாரம், அணுசக்தி எல்லாம் சேர்ந்து மொத்த மெகாவாட்டில் பாதியானது 2025 ஜூனில். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுவது மெகாவாட் அல்ல, யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்கு 4 யூனிட் தரும். அதே ஒரு கிலோவாட் அனல்மின் நிலையத்தில் 16 யூனிட்டுக்கு மேல் வரும், ராத்திரியும் வரும். அதனால்தான் நாட்டில் உற்பத்தியாகும் யூனிட்டில் இன்றும் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரி. யார் எந்த அறிவிப்பு செய்தாலும் மெகாவாட்டோடு நின்றுவிடாதீர்கள், யூனிட் எவ்வளவு என்று கேளுங்கள்.

மதுரை: வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போட்டால் மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பேனல் உள்நாட்டில் தயாரானதாக இருக்க வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலை முதல் மாலை வரை எங்கெங்கே விழுகிறது என்று ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

திருச்சி: கரண்ட் போனாலும் இது ஓடுமா?

பேட்டரி இல்லாத, கிரிட்டோடு (மின்கட்டமைப்போடு) இணைந்த சோலார் ஓடாது. லைனில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். தெருமுனைக் கம்பத்தில் வயர்மேன் ஏறி நின்று கம்பியைத் தொடும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அங்கே போனால் அவர் உயிர் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இதை ஏமாற்றி ஓட வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வவுனியா (இலங்கை): அண்ணை, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வீட்டுக் கூரைச் சோலாரைப் பகல் 3 மணி வரை நிறுத்தி வையுங்கள் எண்டு மின்சார சபை கேட்டது. வெயில் கொளுத்தும்போது ஏன் நிறுத்த வேணும்?

இன்றைய கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிரிட் என்பது தராசு மாதிரி. உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஃப்ரீக்வென்சி, அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை மாறி மாறி ஓடுகிறது என்பது, 50-ஐ ஒட்டி நிற்கும். விடுமுறையில் தொழிற்சாலையும் அலுவலகமும் மூடியிருக்கும், தேவை படுத்துவிடும். ஆனால் ஏராளமான கூரைகளிலிருந்து மின்சாரம் கொட்டும், அதைக் குறைக்கக் கட்டுப்பாட்டு அறையில் பொத்தான் கிடையாது. அனல், நீர் மின்நிலையங்களில் சுழலும் பெரிய சுழலிகளின் கனம்தான் கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும். அவற்றையும் நிறுத்தினால், சின்ன அதிர்ச்சி வந்தாலே மொத்த நாடும் இருண்டுவிடும். உங்கள் சபை அந்தப் பயத்தில்தான் கேட்டது.

மருந்து, சேமிப்பு. ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே உள்ள மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். முன்பெல்லாம் நடுராத்திரியில் ஏற்றுவோம். இனி உச்சிவெயிலில் ஏற்ற வேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு இறக்க வேண்டும். சூரியன் சாய்ந்து வீடுகளில் விளக்கும் ஏசியும் எரியத் தொடங்கும் அந்த ஏழு மணிதான் எங்கள் துறைக்குக் கண்டம். சேமிப்பு இல்லாமல் சோலாரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், ஏழு மணிக்கு மறுபடி நிலக்கரியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சென்னை: புகை விட்டுப் பணக்காரர் ஆனது அமெரிக்காவும் ஐரோப்பாவும். நாம் ஏன் குறைக்க வேண்டும்?

நியாயமான கோபம். ஓர் இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 14. இதுவரை உலகம் வெளியேற்றியதில் கால் பங்கு அமெரிக்காவுடையது. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, அளவு வேறு வேறு என்று 1992-ல் ரியோ பூமி மாநாட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அதே சென்னை நண்பர்: அப்புறம் பணம் எங்கே?

2009-ல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள், வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்றார்கள். 2022-ல்தான் எட்டியதாக அவர்களே கணக்குக் காட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். 2024-ல் பாக்கூ மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்றபோது இந்தியப் பிரதிநிதி இது போதாது என்று அரங்கிலேயே மறுத்தார். அவர் செய்தது சரி.

கோவை: அப்போ பணம் வரும்வரை நிலக்கரியே எரிப்போம் என்கிறீர்களா? சீனாவும் இப்படித்தான் சொல்லி இன்று தலைக்கு 8 டன்னில் நிற்கிறது.

அப்படி நான் சொல்லவே இல்லை. அவர்கள் தர வேண்டியதைக் கேட்பது ஒரு வேலை, நம் வீட்டைச் சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தைப் பாருங்கள். 2014-ல் அரசு கொள்முதல் செய்த ஓர் எல்ஈடி பல்பு 310 ரூபாய். மொத்தமாக ஏலம் விட்டு வாங்கியதில் 2016-ல் 38 ரூபாய்க்கு வந்தது. 36 கோடிக்கும் மேல் பல்புகள் வீடுகளுக்குப் போயின. பருவநிலை மாநாட்டுப் பணத்துக்குக் காத்திருந்தா இதைச் செய்தோம்? மின்கட்டணமும் குறைந்தது, புகையும் குறைந்தது. இன்னொன்று, நாம் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி இறக்குமதி செய்கிறோம். அந்தப் பணம் யாருடையது? நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக வெயில் நம்மை விட்டுவிடாது. மே மாதத்தில் கட்டட வேலைக்குப் போகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

சென்னை: இருந்தாலும்...

போதும் தம்பி. நீங்களும் கோவைக்காரரும் பாதிப் பாதி சரி. இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள்.

விருதுநகர்: மரம் நட்டால் ஈடாகாதா?

என் துறை இல்லை. வனத்துறையில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

தஞ்சாவூர்: கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

திருச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகர்கோவில்: முப்பந்தலில் காற்று வீசும்போதே சில காற்றாலைகள் நிற்கின்றனவே?

சில பழுதில் நிற்கும். சில, லைனில் இடமில்லாமலோ தேவை இல்லாமலோ நிறுத்தச் சொல்லப்பட்டவை. மே முதல் செப்டம்பர் வரை இது வரும்.

கடலூர்: 5 கிலோவாட் சோலாருக்கு மானியம்? கரண்ட் போனா...

78,000. ஓடாது. மேலே இருக்கிறது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஈரோடு: ஒரு மாநிலம் 1,000 மெகாவாட் சோலார் பூங்கா அறிவித்தால் எத்தனை வீட்டுக்குப் போதும்?

அறிவிப்பில் யூனிட் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்களே போடுங்கள். கிலோவாட்டுக்கு 4 என்றால் நாளுக்கு 40 லட்சம் யூனிட். அதை உங்கள் வீட்டில் ஒரு நாளுக்குச் செலவாகும் யூனிட்டால் வகுத்துப் பார்க்கலாம். ஆனால் அத்தனையும் பகலில் வருவது.

திண்டுக்கல்: ஐயா, எங்கள் வீட்டில் மாடியில் சோலார் இருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றையும் காலை 11 முதல் 3-க்குள் போடுங்கள். ஏழு மணிக்குப் போடாதீர்கள். பேனலில் தூசி படிந்தால் விடிகாலையில், கண்ணாடி சூடேறும் முன், வெறும் தண்ணீரில் கழுவுங்கள்.