சினிமா ஆய்வில் எம்.ஏ. படித்தால் இயக்குநர் ஆக முடியுமா?

மதுரையில் பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன், சினிமா ஆய்வில் எம்.ஏ. சேர ஆசை, இயக்குநர் ஆகலாமா, வீட்டில் வேண்டாம் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இயக்குநர் ஆவதற்கென்றே சேர்வதாக இருந்தால் வேண்டாம். நான் மேலூர்ப் பக்கத்துக்காரன், வெளி மாநிலத்தில் இதே படிப்பை முடித்தவன். இரண்டு வருடத்தில் கேமராவைத் தொட்டது சில நாள்தான். மற்ற நாளெல்லாம் பார்த்தேன், படித்தேன், எழுதினேன்.

படம் எடுக்கக் கற்றுத்தருகிற இடம் வேறு. 1960இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனத்திலும் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று தனித்தனியாகச் சொல்லித் தருகிறார்கள். இடம் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். சினிமா ஆய்வுக்கு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தனித் துறையே வந்தது. ஒரு படம் ஏன் இப்படி எடுக்கப்பட்டது, யார் பார்த்தார்கள், பார்த்தவர்கள் அதை என்ன செய்துகொண்டார்கள் என்று கேட்கிற படிப்பு இது.

இந்தக் கேள்விகளுக்கு மதுரையைப் போல இன்னொரு ஊர் கிடைக்காது. சாரா டிக்கி என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1980களில் இங்கே தங்கி, ஏழைக் குடும்பங்கள் சினிமாவை எப்படிப் பார்க்கின்றன, ரசிகர் மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை 1993இல் புத்தகமாகப் போட்டது. நூலகத்தில் அதைப் படித்த அன்று வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை. எங்கள் ஊர் டீக்கடைப் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ்தான் என் ஆய்வேடு என்று அன்றைக்கே முடிவு செய்தேன். விடுமுறையில் மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம் என்று பழைய ஆபரேட்டர்களைத் தேடி பைக்கில் அலைந்தேன். ஒரு பெரியவர், புரொஜெக்டருக்கு வெளிச்சம் தருகிற இரண்டு கார்பன் குச்சிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டால் வெளிச்சம் ஆடாது என்று விரலை வைத்தே காட்டினார். கொட்டகையில் இருந்தது ஒரே புரொஜெக்டர். 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும். நாலு ரீலை ஒட்டிச் சுற்றினாலும் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ரீல் மாற்ற லைட்டைப் போட்டாக வேண்டும். ஒரே படத்துக்கு மூன்று இடைவேளை! முறுக்கு விற்றவர்களுக்கு அதுதான் பிழைப்பு. சென்னையில் இடைவேளைக்கென்று எழுதிய திருப்பம் வரும் இடம் ஒன்று, இங்கே மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துபோன இடம் வேறு. கதையைக் கேட்ட விதமே மாறியிருக்கிறது. அதைத்தான் 90 பக்கம் எழுதினேன்.

பாடக் கட்டுரைகள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். முதல் பருவம் நான் அகராதியும் கையுமாக இருந்தேன். இரண்டாம் பருவத்தில் பழகிவிட்டது. வேலை என்று பார்த்தால் நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரியில் கற்பிக்கலாம், ஆவணக் காப்பகம், வசன மொழிபெயர்ப்பு என்று போகலாம். சம்பளம் சீக்கிரம் வராது. வீட்டில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"படம் பாக்குறதுக்கு எம்.ஏ.வாடா?" என்று என் அப்பாவும் கேட்டார், ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. ஆய்வேட்டுக்காக அவரையே உட்கார வைத்து, சின்ன வயதில் எந்தக் கொட்டகைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். தரை டிக்கெட் விலையிலிருந்து, ஆட்டம் தொடங்கப்போகிறது என்று எந்தப் பாட்டைக் கேட்டு ஓடுவார்கள் என்பது வரை எல்லாம் நினைவிருந்தது. வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், என்னிடம் அதிகம் கேள்வி கேட்டது அப்பா சொன்னதை வைத்து எழுதிய அத்தியாயத்தில்தான்.