ஹெட்ஃபோனில் இசை கேட்டால் பேச்சு வந்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் பேச்சு வரவில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். பத்து நாள் ஹெட்ஃபோனில் இசை கேட்க வைத்தால் காது சீராகிப் பேசிவிடுவான் என்று ஒரு 'சவுண்ட் தெரபி' மையத்தில் சொல்கிறார்கள். பணத்துக்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். செய்யலாமா மேடம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: நகை உங்களிடமே இருக்கட்டும் அம்மா.

நீங்கள் சொல்வது கீ பெரார் என்ற பிரெஞ்சு காது மருத்துவரின் முறை போலத் தெரிகிறது. சில அதிர்வெண் ஒலிகளை மட்டும் வடிகட்டி மாற்றிய இசையை அரை மணி நேரம் வீதம் தினம் இரண்டு வேளை, பத்து நாள் கேட்க வைப்பார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் இதையும் இதுபோன்ற ஒலி சிகிச்சைகளையும் பரிசீலித்தது. 7 ஆய்வுகள், 182 பேர். ஆட்டிசத்துக்குப் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

'எங்கள் பிள்ளைக்குப் பலித்ததே' என்று சொல்லும் பெற்றோரை நானும் சந்திக்கிறேன். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் இந்த வயதில் பிள்ளை தானாகவும் வளர்கிறான். கூடவே பேச்சுப் பயிற்சியும் நடந்திருக்கும். பெயர் மட்டும் ஹெட்ஃபோனுக்குப் போய்விடுகிறது.

முதலில் காதைச் சோதியுங்கள். காதைப் பொத்துகிறானே, கேட்காமலா இருக்கும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சில சத்தங்கள் தாங்காத பிள்ளைக்கே வேறு சில ஒலிகள் சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். காது கேட்கிறதா என்று பார்க்கும் 'பெரா' (BERA) சோதனையைப் பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடலாம்.

மிக்ஸி போடும் முன் அவனிடம் காட்டி, "இப்போ சத்தம் வரும்" என்று சொல்லுங்கள். அடுத்த அறைக்குப் போக வழி விடுங்கள். சில நாளில் ஸ்விட்சை அவனையே போடவும் அணைக்கவும் விடுங்கள். சத்தம் தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பெரும்பாலும் தணியும். திருவிழா மேளம், வெடிக்குக் காதை மூடும் கவசம் போடலாம். நாள் முழுக்க வேண்டாம்.

இசை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பயிற்சி பெற்றவர் பிள்ளையோடு சேர்ந்து பாடி, தட்டி, வாசிக்கும் இசை சிகிச்சை வேறு வகை. 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பு அதில் ஓரளவு முன்னேற்றம் கண்டது. பேச்சில் மட்டும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. அதனால் பேச்சுப் பயிற்சிக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் உங்கள் குரலே போதும். ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணு... ரெண்டு..." என்று இழுத்து நிறுத்திக் காத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு முனகல், கை அசைவு, எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு உடனே ஆட்டிவிடுங்கள். உங்கள் தாலாட்டிலும் கடைசிச் சொல்லை இப்படி விட்டுப் பாருங்கள். செல்போன் பாட்டு அவனுக்காகக் காத்திருக்காது.

உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் 'டி.இ.ஐ.சி.' எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்கான ஆரம்பநிலை மையம் அது, கட்டணம் கிடையாது. டாக்டர் எழுதிய சீட்டுகளையும், அவன் விளையாடும்போது எடுத்த சின்ன வீடியோ ஒன்றையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை மிரண்டுவிட்டால் அந்த வீடியோதான் பார்ப்பவருக்கு உதவும்.