புதிர்ப்பெட்டி செய்வது எப்படி? கேள்விகளும் பதில்களும்

பூட்டிய அறையிலிருந்து புதிர்களை அவிழ்த்து வெளியேறும் விளையாட்டான எஸ்கேப் ரூமில் வருவதுபோன்ற புதிர்ப்பெட்டிகளைச் சில ஆண்டுகளாக நானே வடிவமைத்துச் செய்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதல் பெட்டி செய்யப் போகிறேன். எங்கே தொடங்குவது?

முடிவிலிருந்து தொடங்குங்கள். கடைசியாகக் கையில் என்ன கிடைக்க வேண்டும், அதைப் பூட்டியிருப்பது எது, அந்தப் பூட்டுக்கான விடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பின்னோக்கி வாருங்கள். முதல் பெட்டிக்கு மூன்று பூட்டுகள் போதும். மரத்தைத் தொடுவதற்கு முன் அட்டையில் ஒன்று செய்துவிடுங்கள். புதிரில் ஓட்டை இருந்தால் அட்டையிலேயே தெரிந்துவிடும், திருத்தவும் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: எண் பூட்டு 3 இலக்கமா, 4 இலக்கமா?

3 இலக்கத்தில் 1,000 எண்கள். ஓர் எண்ணுக்கு 2 விநாடி என்றால், எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். புதிர் அதைவிட வேகமாக அவிழும் என்றால் 3 போதும். இல்லையென்றால் 4 போடுங்கள். 10,000 எண்களை யாரும் உட்கார்ந்து சுற்ற மாட்டார்கள். இன்னொன்று: சில மலிவான பூட்டுகளில் மேலே உள்ள கொக்கி வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்களைச் சுற்றினால், சரியான எண்ணில் சக்கரம் சிக்குவது விரலுக்குத் தெரியும். வாங்கியதும் அதைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வரிசையில் சில இடம் தள்ளியுள்ள எழுத்தைப் போடும் சங்கேத முறை தமிழில் சரியாக வரவில்லை. வேறு வழி உண்டா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 247 எழுத்துகளையும் ஒரே வரிசையாக நகர்த்தினால் குழப்பம்தான் மிஞ்சும். 18 மெய்களை மட்டும் க, ங, ச, ஞ என்ற வரிசையில் நகர்த்துங்கள். உயிர்க்குறிகளைத் தொட வேண்டாம். ஓரிடம் நகர்த்தினால் 'படம்' என்பது 'மணய்' ஆகும். 18 கட்டம் போட்ட இரண்டு வட்டத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவில் ஆணி அடித்தால் சங்கேதச் சக்கரம் தயார்.

இதைவிட அழகான வழி தமிழ் எண்கள். 1 பார்ப்பதற்கு 'க' போல, 2 'உ' போல, 5 'ரு' போல, 7 'எ' போல, 8 'அ' போல இருக்கும். அதனால் சில சொற்கள் அப்படியே எண்ணாகிவிடும். 'எரு' 75, 'உரு' 25. நான் ஒரு பெட்டியில் மெழுகுவர்த்தி படம் வரைந்து, கீழே 'உருக' என்று மட்டும் எழுதினேன். பார்ப்பவர்கள் மெழுகைச் சூடாக்கச் சொல்வதாகத்தான் முதலில் நினைப்பார்கள். பூட்டின் எண் 251! ஆனால் தமிழ் எண்கள் பலருக்கும் பழக்கமில்லை. அந்த எண்கள் போட்ட கடிகார முகப்பு ஒன்றை அதே பெட்டியில் ஒட்டியிருந்தேன். விடைக்குத் தேவையான அறிவு பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கேள்வி: மின்சாரமே இல்லாமல் ரகசிய இழுப்பறை வைக்க முடியுமா?

தாராளமாக. ஜப்பானில் ஹகோனே பகுதியின் ரகசியப் பெட்டிகளில் பக்கப் பலகைகளைச் சரியான வரிசையில் சிறிது சிறிதாக நகர்த்தினால்தான் மூடி திறக்கும். எல்லாமே மர வேலைதான். வீட்டில் செய்ய எளிதானது ஊசித் தாழ். 6 மி.மீ. இரும்புக் கம்பித் துண்டு ஒன்று, மேற்பலகையிலிருந்து 6.5 மி.மீ. துளை வழியாக இழுப்பறைக்குள் இறங்கி நிற்கும். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினால் கம்பி பின்வாங்கும், இழுப்பறை வரும். கம்பியைப் படுக்கைவாட்டில் வைத்தால், பெட்டியை மேசைமேல் பம்பரம்போலச் சுழற்றித் திறக்க வைக்கலாம். திருப்பச் சொல்லும் துப்பும் வேண்டும்: மூடியில் ஒரு படத்தை மட்டும் தலைகீழாக ஒட்டினாலே போதும்.

நியோடிமியம் காந்தம் பயன்படுத்தினால் மரத்துக்குள் புதைத்து மூடிவிடுங்கள். குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளையிடும். உயிருக்கே ஆபத்து.

கேள்வி: மழைக்காலத்தில் இழுப்பறை இறுகிவிட்டது. என்ன செய்ய?

மரம் ஈரத்தில் இழைக்குக் குறுக்கே உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய உப்பாது. நகரும் பாகங்களுக்கு பிளைவுட் நல்லது. பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளி விட்டு, உரசும் இடத்தில் மெழுகு தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசி பிடிக்கும்.

கேள்வி: சார், அர்டுயினோ என்ற சிறு நிரல் போர்டில் சோலினாய்டு பூட்டு (மின்சாரம் பாய்ந்ததும் கம்பிச் சுருள் காந்தமாகித் தாழை இழுக்கும் பூட்டு) இணைத்தேன். திறக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது.

போர்டின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவுதான் பாதுகாப்பாக எடுக்கலாம். 12 வோல்ட் சோலினாய்டு அரை ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அதற்குத் தனி மின்சாரம் கொடுத்து, மாஸ்ஃபெட் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக இயக்கி, போர்டு, தனி மின்சாரம் இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் முனை) சேருங்கள். சுருளை அணைக்கும்போது அது எதிர்த்திசையில் ஒரு மின்னழுத்தத்தைத் தள்ளும். அதைச் சமாளிக்க, சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வையுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. திறந்ததும் ஓரிரு விநாடியில் அணைத்துவிடுங்கள், இல்லையேல் சூடேறும்.

பேட்டரி தீர்ந்தால் பெட்டி திறக்காது என்பதையும் இப்போதே யோசியுங்கள். என் பெட்டி ஒன்றை இதனாலேயே ரம்பத்தால் அறுக்க நேர்ந்தது, மனசே ஆறவில்லை. இப்போதெல்லாம் அவசரத்துக்குக் கழற்றும்படி அடிப்பலகையை வெளியிலிருந்து திருகி, திருகுத் தலைகளின்மேல் ரப்பர் கால்களை ஒட்டிவிடுகிறேன்.

கேள்வி: நண்பர்களால் திறக்கவே முடியவில்லை. எளிதாக்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். அடுத்த முறை வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். துப்பு கண்ணில் படவில்லையா, பட்டும் புரியவில்லையா? முதலாவது என்றால் துப்பை இடம் மாற்றினால் போதும். இரண்டாவது என்றால்தான் புதிரைத் தொட வேண்டும். அழிக்காமல் விட்ட பென்சில் கோடு, உபரித் துளை எல்லாவற்றையும் மூடுங்கள். அவற்றையும் துப்பு என்று நம்பிப் பாவம் அரை மணி நேரம் தேடுவார்கள். விடை தெரிந்ததும் "அட, கண்ணெதிரே இருந்ததே!" என்று சொன்னால் புதிர் சரி. "இதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?" என்றால் தவறு உங்களுடையது.

கேள்வி: ஆட்டம் முடிந்து மறுபடி பூட்டுவதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எதை முதலில் உள்ளே வைத்து எதைப் பூட்டுவது என்ற வரிசையைத் தாளில் எழுதிப் பெட்டிக்கு வெளியே வேறு இடத்தில் வையுங்கள். சில மாதங்களில் நமக்கே மறந்துபோகும்.