காம்பவுண்ட் வில்லில் (முனைகளில் சக்கரம் உள்ள வில்) அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகிறது. அம்பைத் தாங்கும் ஆரோ ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்?

இப்போதைக்கு எந்தப் பக்கமும் நகர்த்த வேண்டாம். அம்பு இலக்கில் இடதுபக்கம் குத்தினால் ரெஸ்ட்டைத் தள்ளுவது, மேலே போனால் இறக்குவது என்று நிறைய பேர் செய்கிறார்கள். அம்பு எங்கே குத்துகிறது என்பதைத் திருத்துவது சைட்டின் (குறிபார்க்கும் கருவி) வேலை. வில்லை விட்டு அம்பு நேராகக் கிளம்ப வைப்பதுதான் ரெஸ்ட்டின் வேலை. இரண்டையும் கலந்தால் இந்த டியூனிங் முடியவே முடியாது.

முதலில் கேம்களை, அதாவது வில்லின் முனைகளில் உள்ள சக்கரங்களைப் பாருங்கள். இரட்டை கேம் வில் என்றால் முழுதாக இழுக்கும்போது இழுப்பை நிறுத்தும் மேல் ஸ்டாப்பும் கீழ் ஸ்டாப்பும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அம்பைப் பொருத்தி, இலக்கைப் பார்த்து நீங்கள் இழுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்கட்டும். ஒன்று பிந்தினால் கேம்களோடு இணைந்த கேபிள் நீண்டிருக்கலாம். அதை முறுக்கிச் சரிசெய்ய, வில்லை அழுத்திப் பிடிக்கும் போ பிரஸ் வேண்டும், அது இல்லாமல் வீட்டில் கேபிளைக் கழற்றவே கூடாது. அம்பின் ஸ்பைனையும், அதாவது அது எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்ணையும் பாருங்கள். 500 என்றால், 28 அங்குல இடைவெளியில் தாங்கி நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளையும் அம்பு. எண் குறையக் குறைய அம்பு விறைப்பு. உங்கள் வில்லின் இழுவிசைக்கு அம்பு ரொம்ப வளையக்கூடியதாக இருந்தால் ரெஸ்ட்டை எவ்வளவு திருகினாலும் பலன் இருக்காது.

இதெல்லாம் சரி என்றால் இப்போது ரெஸ்ட். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். ரெஸ்ட் போல்ட் மாட்டும் துளையின் நடு உயரத்தில் அம்பு போக வேண்டும், நாணோடு செங்கோணத்தில், அல்லது வால்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் உயர்ந்து. பக்கவாட்டில், ரைசரிலிருந்து (வில்லின் நடுப்பகுதி) அம்பின் நடுக்கோடு வரை 20 அல்லது 21 மி.மீ. என்பது பல வில்களுக்கு நல்ல தொடக்கம், உங்கள் வில்லின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேப்பர் டியூனிங். ஒரு சட்டத்தில் செய்தித்தாளை இழுத்து ஒட்டி, அம்பு முழுதாகத் தாளைக் கடந்த பிறகே இலக்கில் குத்தும்படி பின்னால் இடம் விட்டு, சுமார் 2 மீட்டரிலிருந்து எய்யுங்கள். முனை போட்ட வட்ட ஓட்டைக்கு மேலே இறகுகளின் கிழிசல் இருந்தால் வால் உயர்ந்து போகிறது, ரெஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கீழே இருந்தால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு அரை மி.மீ. போதும், அதற்கு மேல் வேண்டாம். மேல் கீழ் சரியான பிறகே இடது வலது. இதற்கு ஆளாளுக்கு ஒரு சூத்திரம் சொல்வார்கள். நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. ஒரு பக்கம் அரை மி.மீ. நகர்த்திப் பாருங்கள், கிழிசல் சுருங்கினால் அதே பக்கம் தொடருங்கள், வளர்ந்தால் மறுபக்கம்.

ஆனால் பக்கவாட்டுக் கிழிசலுக்கு வில்லை விடக் கைதான் அதிகம் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கிரிப்பை (வில்லின் கைப்பிடி) இறுக்கிப் பிடித்தால் வில் திரும்பும், வால் ஒதுங்கும். ஒரே மாதிரிக் கிழிசல் தொடர்ந்து வந்தால் மட்டும் ரெஸ்ட்டைத் தொடுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வந்தால் பிடியைத் திருத்துங்கள்.

என்ன செய்தும் கிழிசல் மாறவே இல்லையா? இறகு எங்கோ உரசுகிறது. இறகில் லிப்ஸ்டிக் தடவி எய்து பாருங்கள், உரசிய இடத்தில் சாயம் ஒட்டியிருக்கும். அம்பை ஒரு தகடு தாங்கும் பிளேடு ரெஸ்ட் என்றால், அம்பின் வால்நுனியில் நாணில் மாட்டும் பகுதியைச் (நாக்) சுழற்றி இறகுகளின் திசையை மாற்றினாலே பெரும்பாலும் தீரும். எய்ததும் கீழே விழும் டிராப் அவே ரெஸ்ட் என்றால் அது தாமதமாக விழுகிறது, அதை இயக்கும் கயிற்றின் நீளத்தைப் பாருங்கள்.

கடைசியாக 18 மீட்டரில் இறகில்லாத அம்பு ஒன்றையும் இறகுள்ளவற்றையும் சேர்த்து எய்யுங்கள். பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் ரெஸ்ட்டை இறுக்கி விட்டுவிடலாம். காம்பவுண்ட் போட்டிகளில் 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. மட்டுமே. 2023 பெர்லின் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் இந்திய வில்வீரர் ஓஜஸ் தேவ்தளே 15 அம்பையும் அதற்குள் போட்டார். அந்தத் திறமை அவருடையது, ஆனால் வாலாட்டும் அம்போடு அது யாருக்கும் நடக்காது. புது நாண் போட்டால் கொஞ்ச நாள் நீளும், அது நின்றதும் கேமிலிருந்து மறுபடி ஒரு முறை பாருங்கள்.