வாசகர் கேள்வி–பதில்: பாரிஸில் ஸ்கூட்டர், யாருடைய பெயரில்?

கேள்வி: மகன் படிப்பதற்குப் பாரிஸ் போகிறார். பழைய 125 சி.சி. ஸ்கூட்டர் ஒன்றைச் சித்தப்பாவின் பெயரில் எடுத்து, காப்புறுதியையும் அவர் பெயரிலேயே போட்டால் மலிவு என்கிறார்கள். செய்யலாமா? யாழ்ப்பாணத்தில் எடுத்த லைசென்ஸ் அங்கே செல்லுமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் லைசென்ஸைத் திருப்பிப் பாருங்கள். கார் ஓடுவதற்கான 'பி' மட்டும் இருந்தால் ஸ்கூட்டரை மறந்துவிட வேண்டியதுதான். நம் நாட்டு 'ஏ1' 100 சி.சி. வரைக்கும்தான், 125 ஓட 'ஏ' வேண்டும். மாணவர் வதிவிட அனுமதி உள்ளவர் படிப்பு முடியும்வரை ஊர் லைசென்ஸில் ஓடலாம். மற்றவர்களுக்கு அங்கே குடியேறியதிலிருந்து ஒரு வருடம்தான். எப்படியானாலும் லைசென்ஸோடு அதிகாரபூர்வ பிரெஞ்சு மொழிபெயர்ப்போ சர்வதேச அனுமதிப்பத்திரமோ இருக்க வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் புறப்படுமுன்பே எடுத்துவிடட்டும்.

சித்தப்பாவின் பெயரில் போடுவதை நாங்கள் கட்டாயம் வேண்டாமென்போம். காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பதே 'வழமையாக ஓடுபவர் யார்' என்பதைத்தான். ஓடுவது மகன் என்பதை வேண்டுமென்று மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தமே செல்லாது. விபத்தில் காயப்பட்ட மற்றவருக்குக் கம்பனி நட்டஈடு கொடுக்கும். பிறகு அந்தத் தொகையை விபத்துக்குப் பொறுப்பானவரிடம் திருப்பிக் கேட்கும். ஒருவருடைய கால் முறிவுக்கே பல ஆயிரம் யூரோ போய்விடும். அதற்கு முன்னால் வருடக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது ஒன்றுமேயில்லை.

மகன் பெயரில் போட்டால் புதிய ஓட்டுநர் என்று தொடக்கத்தில் கூடக் கேட்பார்கள். ஆனால் கட்டணத்தைப் பெருக்கும் எண் ஒன்று உண்டு. 1 என்று தொடங்கும் அது, விபத்தில்லாத ஒரு வருடத்துக்குப் பிறகு 0.95 ஆகும். அவர் தவறால் விபத்து நடந்தால் 25 வீதம் ஏறும். இந்தப் பதிவு அவர் பெயரில்தான் வளர வேண்டும். நாளைக்குக் கார் வாங்கும்போதும் இதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. 'ஓ தியேர்' எனும் குறைந்தபட்சக் காப்புறுதி மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும். விழுந்து எழும்பும் உங்கள் மகனுடைய உடம்புக்கு அதில் ஒரு சதம் இல்லை. ஓட்டுநரின் உடற்காயத்துக்கான பிரிவைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். பழைய ஸ்கூட்டருக்கு முழுக்காப்புறுதி போடுவதைவிட இந்தப் பிரிவில் உச்சத்தொகை கூடியதாக எடுப்பதே புத்தி.

கேள்வி: தனியாரிடம் பழைய ஸ்கூட்டர் வாங்கும்போது எந்தெந்தப் பத்திரம் பார்க்க வேண்டும்?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: நம் ஊரில் பெயர் மாற்றாமல் 'ஓப்பின் பேப்பரோடு' கைமாறுவதுபோல அங்கே முடியாது. பதிவுப் பத்திரத்தை, அதாவது 'கார்த் கிறீஸை', கையில் வாங்கி 'சி.1' என்ற இடத்திலுள்ள பெயரை விற்பவரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். 'இ' என்ற இடத்திலுள்ள எண்ணைச் சட்டகத்தில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சுரண்டிய தடமோ புதுப் பெயின்றோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஸ்கூட்டர் ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதென்றால் ஆறு மாதத்துக்குள் செய்த தொழில்நுட்பப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். இரு சக்கர வாகனங்களுக்கு இது 2024 ஏப்ரல் 15 முதல் கட்டாயம். கடன், தடை எதுவுமில்லை என்ற சான்றிதழ் 15 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் இருவரும் கையொப்பமிட வேண்டும்.

விற்பவர் கார்த் கிறீஸின் குறுக்கே கோடு கீறி, விற்ற திகதியோடு மணியையும் எழுதிக் கையொப்பமிடுவார். நேரத்தை எழுதாமல் விட்டால், அன்று பின்னேரம் ஒரு கமெராவில் பதிந்த தண்டம் யாருடையது என்று சண்டை வரும். கோடு கீறிய அந்தப் பத்திரத்தோடு ஒரு மாதம் ஓடலாம். அதற்குள் இணையவழியே உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

விற்பவரின் காப்புறுதி உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே இலக்கத்தகட்டு எண்ணைக் கொடுத்து முதலே காப்புறுதி போட்டுவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். முன்பு வண்டியில் ஒட்டிய பச்சைச் சீட்டு 2024 ஏப்ரல் 1 முதல் இல்லை. பொலிஸ் கணினியிலேயே பார்க்கிறது.

தலைக்கவசத்தோடு தரச்சான்று பெற்ற கையுறையும் கட்டாயம். நல்ல பூட்டு வாங்கி அதன் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். களவு போனால் கம்பனி அதைக் கேட்கலாம். பாரிஸ் நகருக்குள் பெற்றோல் ஸ்கூட்டர் நிறுத்தவும் காசு கட்ட வேண்டும்.

கேள்வி: அதே ஸ்கூட்டரில் மாலையில் சாப்பாடு டெலிவரி செய்யலாமா?
— வாசகர், உடுவில்

பதில்: மாணவர் அனுமதியில் சுயதொழில் செய்ய முடியாது, சம்பள வேலைதான், அதுவும் வருடத்துக்கு 964 மணித்தியாலம் வரை. சாதாரணக் காப்புறுதி தொழிலுக்குச் செல்லாது. பெட்டியோடு விழுந்தால் 'வேலைக்குப் போகவில்லை' என்று சொல்லித் தப்ப முடியாது.

விபத்து நடந்தால் அந்த இடத்திலேயே இருவரும் சேர்ந்து நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. நடுவிலுள்ள கட்டங்களில் புள்ளடியிட்டு, எத்தனை புள்ளடி என்ற எண்ணையும் கீழே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பின்னர் யாரும் ஒன்றைச் சேர்க்கலாம். பிரெஞ்சு விளங்காவிட்டால் கையொப்பமிட வேண்டாம். தெரிந்தவர் ஒருவருக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து வேலைநாளுக்குள் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். களவென்றால் இரண்டே நாள்.